லென்சுக்கு வெச்ச பொட்டு

இன்னிக்கு எங்க செஞ்சி ஸ்கூல் லேப்ல, செல் ரெண்டா பிரியறதைப் பாக்கற மைட்டாசிஸ் பிராக்டிகல். வெங்காய வேர் நுனியில சாயம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல வெச்சேன். "குரோமோசோம் செவப்பா, ரெண்டா பிரிஞ்சி தெரியும், பாருங்க"ன்னேன்.

"தெரியுது மிஸ், ஒரே செவப்பா இருக்குது"ன்னா சிங்கவரத்துப் பொண்ணு.

அடுத்தடுத்து வந்தவங்களும் தலையாட்டிட்டு, புக்கைப் பார்த்துப் படம் வரைஞ்சிட்டாங்க.

கடைசியா நான் பார்த்தேன். செல்லே தெரியல. லென்ஸ் மேல ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனமும் குங்குமமும் காஞ்சி கெடக்குது.

ஹெச்.எம். கிட்ட போய்ச் சொன்னேன்.

"சாமிக்கு வெச்சதைப் போயி இன்னா மிஸ் குறை சொல்றீங்க? பசங்கதான் வரைஞ்சிட்டாங்களே, மைக்ராஸ்கோப்பைப் பீரோவுல வெச்சிப் பூட்டிடுங்க"ன்னாரு.

பூஜை போட்டதுலருந்து அதை யாரும் தொடலைன்னு அந்தப் பொட்டே சொல்லுது.

உங்க ஸ்கூல்ல மைக்ராஸ்கோப் பாக்கறதுக்கா, கும்பிடறதுக்கா?