இஸ்ரத்தின் சாப்பாட்டுப் படிவம்

கமருன்னிசா சென்னையில் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவர். டெக்ஸாஸுக்கு அது போதவில்லை. ஆசிரியர் சான்றிதழ் இல்லையென்று சுகர் லேண்ட் மாவட்டப் பள்ளிகள் கையை விரித்துவிட்டன. தென்மேற்கு ஹூஸ்டனில், மூடிப்போன மளிகைக் கடைக்குள் நடந்த ஒரு சார்ட்டர் பள்ளி மட்டும் மறுநாளே வரச் சொன்னது. தனியார் நடத்தினாலும் அதுவும் அரசுப் பணத்தில் நடப்பதுதான். சம்பளம் மட்டும் வருடத்துக்கு எட்டாயிரம் டாலர் குறைச்சல். வேறு வழி? கணவர் பாரூக்குக்கு எரிசக்திக் கம்பெனியில் வேலை போய் ஒரு வருடமாகியிருந்தது. மகள் இஸ்ரத்தையும் அங்கேயே நாலாம் வகுப்பில் சேர்த்துவிட்டார்.

பிள்ளைகளில் பெரும்பாலோர் மெக்சிகோ, ஹோண்டுராஸ் குடும்பங்கள், மீதிப்பேர் கறுப்பினத்தவர். பெற்றோர் வருமானத்தையும் வீட்டில் எத்தனை பேர் என்பதையும் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், வசதியில்லாத பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு இலவசம் அல்லது சலுகை விலை. அந்தத் தலைக்கணக்கைப் பார்த்துத்தான் அரசு பள்ளிக்குக் கூடுதல் பணம் தரும். 2003 அக்டோபரில் கணக்கு இடித்தது. வெள்ளிக்கிழமைக்குள் படிவங்கள் சேராவிட்டால் ஓர் ஆசிரியரை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார் முதல்வர். கடைசியாகச் சேர்ந்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

நோன்பு தொடங்கிய வாரம் அது. நாக்கு வறள, கமருன்னிசா வீடு வீடாக ஏறி இறங்கினார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்பதை ஸ்பானிஷில் மனப்பாடமே செய்துவிட்டார். வியாழக்கிழமை அலுவலகத்தில் பார்த்தால், நிராகரித்த கட்டில் இஸ்ரத்தின் படிவம்! வருமானத்துக்கான கட்டத்தில் பாரூக் தன் பழைய கம்பெனிச் சம்பளத்தை முத்து முத்தாக எழுதியிருந்தார்.

அன்று நோன்பு திறந்ததும் கேட்டார்: "ஏங்க, இல்லாத சம்பளத்தை எதுக்கு எழுதினீங்க?"

"அடுத்த மாசம் கிடைச்சிடும் கமரு. ரெண்டு இன்டர்வியூ க்ளியர் பண்ணிட்டேன். நாம ஏழைங்களுக்கு ஸகாத் குடுக்கிற குடும்பம். என் பொண்ணு ஏழைங்க லிஸ்ட்ல நிக்கணுமா?"

கமருன்னிசாவுக்குக் கோபம் பொங்கியது. ஆனால் வேறு படிவம் எழுத அவருக்கும் கை வரவில்லை. ஊரார் வீட்டுக்குப் போய் வெட்கமில்லை என்று பாடம் நடத்துவது சுலபம்.

வெள்ளிக்கிழமை காலை கணக்குக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். மகனை விட வந்த டெல்மியாவை வாசலிலேயே பிடித்தார். அவள் கணவர் கூரை வேலைக்காரர். வீட்டில் நாலு பிள்ளைகள். டெல்மியா படிவத்தைத் தள்ளினாள்.

"நாங்க உழைச்சுச் சாப்பிடுறவங்க, டீச்சர்," என்றாள், தெரிந்த இங்கிலீஷில். "உங்க பொண்ணுக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

கமருன்னிசா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்து, அவள் கண் முன்னாலேயே இஸ்ரத்தின் பெயரையும், தன் சம்பளத்தை உள்ளது உள்ளபடியும் எழுதிக் கையெழுத்திட்டு, அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

டெல்மியா அந்தத் தொகையை இரண்டு தடவை படித்தாள். "என் வீட்டுக்காரரே இதைவிட அதிகம் வாங்குறாரே!" என்றாள். கேலியில்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டாள். கமருன்னிசாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. டெல்மியா பேனாவை வாங்கித் தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வேலை தப்பியது. அன்று மாலை பாரூக்கிடம், "ஃபார்மை மாத்தி எழுதிட்டேங்க," என்றார்.

பாரூக் பேரீச்சங்கொட்டையைத் தட்டோரம் வைத்தார். பிறகு கேட்டார்: "என் பேருக்கு நேரா எவ்வளவு போட்டே?"

"சைபர்."

பாரூக் பேரீச்சம்பழத் தட்டை மகள் பக்கம் நகர்த்தினார்.

"சரியாத்தான் போட்டிருக்கே," என்றார்.