அரை அடி நகர்ந்த வண்டி

போன வருஷம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி இருக்கும். குருசுக்குப்பத்தைத் தாண்டி வடக்கே போனால் வரிசையாக மீனவர் குப்பங்கள். அதில் ஒன்றின் கடற்கரை மணலில் நான் ஒரு ஆளின் தலைமேல் வண்டி ஏற்றப் பார்த்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்குக் கருவடிக்குப்பத்தில் வீடு. பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருவது வேலை. இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. நான் கத்துவேன். கிளட்ச்சைப் படக்கென்று விட்டால் கத்துவேன், கண்ணாடி பார்க்காமல் திருப்பினால் கத்துவேன். மேடத்துக்கு வாய் மோசம், ஆனால் நன்றாகச் சொல்லித் தருவார் என்று பேர். வண்டியில் ஏறும் முன் அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்க்கணும் என்பதுதான் நான் நடத்தும் முதல் பாடம். சுற்றாமல் ஏறி உட்கார்ந்தவளை இறக்கிவிட்டு மறுபடி சுற்ற வைத்திருக்கிறேன். அதற்கு அழுத பெண்கள் உண்டு.

நாள் முழுக்க டவுனுக்குள் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து ஊர்ந்து எனக்கு வெறுத்துப்போனது. காட்டுப்பாதை, மலைப்பாதை என்று தூரமாகப் போகணும், ராத்திரி வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கணும், யாரிடமும் ரூம் கேட்டு நிற்கக் கூடாது என்று ரொம்ப நாள் ஆசை. மெட்ராஸில் ஒருத்தரிடமிருந்து பழைய ஆல்-வீல் டிரைவ் வேகன் ஒன்று வாங்கினேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மணல், சேறு எதிலும் சுலபமாக மாட்டாது.

ஆறு மாதம் அதன் பின்னாலேயே அலைந்தேன். பின் சீட்டைக் கழற்றிவிட்டு ப்ளைவுட் பலகை அடித்து மெத்தை போட்டோம். பலகைக்குக் கீழே இழுப்பறை. அதில் அடுப்பு, பாத்திரம், குழாய் வைத்த தண்ணீர் கேன். சின்ன ஃப்ரிட்ஜ் ஓட்ட இன்னொரு பேட்டரி. பக்கவாட்டில் சுருட்டி விரிக்கிற கூடாரத் துணி. ஸ்பிரிங்கை மாற்றி மூன்று இஞ்ச் உயர்த்தி, பள்ளம் பள்ளமாக இருக்கிற பெரிய டயர் மாட்டினேன். இனிமேல் ஜாக்கி போடாமலே கீழே புகுந்து வேலை செய்யலாம் அக்கா என்று மெக்கானிக் சிரித்தான். இப்படி உயர்த்துவது சட்டப்படி சரிதானா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். டிரைவிங் சொல்லித் தருகிற என்னிடமே சட்டமா என்று அவர் வாயை அடைத்தேன். சரியில்லைதான், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் கொல்லிமலை போவதாகத் திட்டம். அதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கணும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குக் கிளம்பினோம். மணலில் ஓட்டிப் பார்ப்பது, அங்கேயே சமைப்பது, உள்ளே படுத்துப் பார்ப்பது என்று மூன்று வேலை.

டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டு மணலில் இறங்கினேன். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. படகு ஏற்றி வைத்திருக்கிற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே ஒரு பூவரச மரம் நின்றது. அந்தப் பக்கம் முழுக்க அது ஒன்றுதான் நிழல். நேராக அதன் அடியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பக்கத்தில் என் வயசு இருக்கிற ஒரு அம்மா தார்ப்பாயில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். எங்களையும் வண்டியையும் மேலும் கீழும் பார்த்தார். நான் இழுப்பறையை இழுத்து அடுப்பை எடுத்து வைத்ததும் கிட்டே வந்தார்.

"ஏம்மா, வூட்டுல எடமில்லையா, காருக்குள்ள மெத்த போட்டுனு வந்துட்டீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், இங்கே நிறுத்தாதே, இது ஆளுங்க படுக்கிற இடம், வண்டியை அந்தப் பக்கம் வெயிலில் போட்டுக்கோ என்று. முதலில் சொன்ன நக்கலே எனக்குக் காதில் இருந்தது. கடற்கரை யார் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை என்றேன். அவரும் விடவில்லை. உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று திருப்பிக் கேட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்தினோம். என் வீட்டுக்காரர், வண்டியைத் தள்ளிப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று முனகினார். நான் முறைத்த முறைப்பில் வெங்காயம் நறுக்கப் போய்விட்டார். அந்த அம்மாவும் கையை உதறிவிட்டு நெத்திலியைப் பார்க்கப் போனார்.

தக்காளி சாதம் கிளறி, முட்டை பொரித்துச் சாப்பிட்டோம். பன்னிரண்டு மணி வாக்கில் படகுகள் கரை ஏறின. ராத்திரியெல்லாம் கடலில் இருந்தவர்கள் மீனை இறக்கிக் கொடுத்துவிட்டு, படகு நிழலில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள். அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மெத்தையில் படுத்துக் கண்ணயர்ந்தோம்.

விழித்தபோது உடம்பெல்லாம் வியர்வை. வெளியே பார்த்தால், வண்டிக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி அந்த அம்மா தார்ப்பாயை விரித்து நெத்திலியைப் பரப்பியிருந்தார். காலையில் அது அங்கே இல்லை. வேண்டுமென்றே வழியை அடைத்திருக்கிறாள் என்று எனக்கு மண்டைக்கு ஏறியது. வெயில் நகர நகரக் காயப்போட்டதையும் நகர்த்தணும் என்கிற சின்ன விஷயம் அப்போது தோன்றவில்லை. கூடாரத் துணியைச் சுருட்டிக் கட்டினேன். நேராகப் போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

வண்டியைச் சுற்றி வரவில்லை.

இன்ஜினை ஓட விட்டு, கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, ஹாரன் அடித்தேன். அந்த அம்மா கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வண்டிக்கு முன்னால் நின்று ஏதோ கத்தினார். தன் நெத்திலிக்காகக் கத்துகிறாள் என்றுதான் நினைத்தேன். மறுபடி ஹாரன் அடித்தேன். அவர் இரண்டு உள்ளங்கையாலும் பானட்டில் அடித்தார். ஆறு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. எனக்குக் கண் மண் தெரியவில்லை.

படுக்கையில் இருந்த வீட்டுக்காரர் சொன்னார், "அந்தம்மா என்னமோ சொல்லுது. கண்ணாடிய எறக்கு."

"நீங்க சும்மா படுங்க."

இனி எழுதப் போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. முதல் கியர் போட்டேன். கிளட்ச்சைப் பாதி விட்டேன். அவரை இடிக்கணும் என்று இல்லை. ஒரு அடி முன்னால் போனால் பயந்து விலகுவாள், நெத்திலியை வாரிக்கொண்டு ஓடுவாள் என்று நினைத்தேன். பயமுறுத்தத்தான். வண்டி அரை அடி நகர்ந்தது. அவர் விலகவில்லை. பம்பர் முழங்காலில் முட்டியும் கையை பானட்டிலிருந்து எடுக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிரேக்கை மிதித்தேன். நன்றாகத் திட்டுவதற்காகக் கண்ணாடியை இறக்கினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொன்னார்.

"கீழ ஆளு படுத்துனு இருக்கான்."

இன்ஜினை அணைத்தேன். எல்லாம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில், என் சீட்டுக்குப் பின்னால், எனக்குக் கீழே இருந்து ஒரு ஆள் இருமும் சத்தம் கேட்டது.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. மணலில் மண்டி போட்டுக் குனிந்து பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும், ஒல்லியான ஆள். மணலை உடம்பு அளவுக்குப் பள்ளமாகப் பறித்து, துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். தலை பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். தலைக்கும் டயருக்கும் நடுவில் என் கை நுழையும். அவ்வளவுதான் இடம். துண்டின் ஒரு முனை டயருக்கு அடியில் இருந்தது.

அவர் அப்போதுதான் கண்ணைத் திறந்தார். எழுந்து வரப் பார்த்து, துண்டை இழுத்தார். வரவில்லை. தூக்கக் கலக்கத்தில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"யம்மா, துண்ட வுடு."

அதைக் கேட்டதும் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

படகு நிழலில் இருந்த ஆட்கள் எழுந்து வந்தார்கள். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஆளை வெளியே இழுத்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடு, துண்டை எடுக்கட்டும் என்றார்கள். ஏறி உட்கார்ந்தேன். கால் நடுங்கி கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. என் காலை இரண்டு கையாலும் பிடித்து அழுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. கடைசியில் நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினேன். ஐந்து பேர் சேர்ந்து அந்த வண்டியைக் கையால் மரத்தடியை விட்டே பின்னால் தள்ளினார்கள்.

இன்ஜின் சத்தம் கேட்டும் ஏன் எழுந்திருக்கவில்லை என்று அந்த ஆளிடம் கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன். படகில் இன்ஜின் ஓடும்போதுதான் தங்களுக்குத் தூக்கமே வரும், நின்றால்தான் முழிப்பு வரும் என்றார். நான் அணைத்தேன், அதனால் எழுந்தார். ஓட்டியிருந்தால் தூங்கிக்கொண்டேதான் இருந்திருப்பார்.

இடம் இல்லாமல் வண்டிக்குக் கீழே வந்து படுத்தார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை. வருஷக்கணக்காகக் கடலிலிருந்து வந்ததும் அவர் படுக்கிறது அந்த மரத்தடியில், அந்த இடத்தில்தான். அன்றைக்கும் தன் இடத்தில்தான் படுத்தார். அதன்மேல் என் வண்டி நின்றது. உயரமாக இருந்ததால் அவருக்கு இடைஞ்சலாகவும் தெரியவில்லை. ஐஸ் ஏற்றி வருகிற வண்டிக்காரர்கள் கிளம்புவதற்கு முன் குனிந்து பார்த்து, பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் எடுப்பார்களாம். அங்கே வந்து போகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் அந்த அம்மா காலையிலேயே சொல்லியிருந்தார், ஆளுங்க படுக்கிற இடம் என்று. அதை அவர் திரும்பச் சொல்லிக் காட்டவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தள்ளி நின்றிருந்தார்.

அவர் காலில் விழலாம் போல இருந்தது. ஆனால் எனக்கு அதெல்லாம் பழக்கம் இல்லை. முழங்காலில் அடி பட்டதா என்று கேட்டேன், ஒன்றும் இல்லை என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். நெத்திலியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். மன்னிப்பு கேட்பதற்குப் பதிலாக, அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு, தம்பியா என்று கேட்டேன்.

"அவனா? நாலு வருசமா பேச்சே கெடையாது எங்களுக்கு. மீன்வல தகராறு. அதான் பேர் சொல்லிக் கூப்டாம உன் காருக்கு முன்னாடி வந்து நின்னேன்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை, நெத்திலியைப் புரட்டப் போய்விட்டார். அந்த ஆள் துண்டை உதறினார். நான் மாட்டிய டயரின் பள்ளமெல்லாம் அதில் வரிவரியாகப் பதிந்திருந்தது. அதை மறுபடி மடித்து, தான் பறித்த அதே பள்ளத்தில் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

வீடு வரைக்கும் என் வீட்டுக்காரர்தான் ஓட்டினார். அரை அடி எப்படி நகர்ந்தது என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. கிளட்ச்சில் கால் வழுக்கி நகர்ந்ததென்று நான் பொய் சொல்ல அவர் இடமே வைக்கவில்லை.

கொல்லிமலை போகவில்லையா என்று கேட்பீர்கள். மூன்று மாதம் கழித்துப் போனோம். உயர்த்திய ஸ்பிரிங்கை இறக்கிவிட்டேன். மற்றபடி வண்டியை விற்கவும் இல்லை, சாமியாராகவும் போகவில்லை. அந்தக் குப்பத்துக்கு இரண்டு முறை போனேன். அந்த அம்மா இரண்டு முறையும் எனக்கு நெத்திலிதான் விற்றார், வேறு பேச்சு இல்லை.

என் கோபம் அப்படியே இருக்கிறது, குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். அந்த அம்மாவும் என்னைப் போலக் கோபக்காரிதான். காலையில் எனக்குச் சமமாகக் கத்தினவர், நாலு வருஷமாக ஒருத்தனிடம் பேசாதவர். ஆனால் அவர் கோபம் அந்த ஆளைச் சாகவிடவில்லை, என் கோபம் கொல்லப் பார்த்தது. அன்றைக்கு அந்த வண்டி அரை அடியில் நின்றதற்கு நான் காரணம் இல்லை, முழங்காலில் பம்பர் முட்டியும் அவர் விலகவில்லை என்பதுதான் காரணம் என்று தெரிந்தே நான் தினமும் ஸ்டியரிங்கில் கை வைக்கிறேன்.