செல்வி வீட்டுச் சரிவுப் பாதை

சாயங்காலம் களி, காலையில் கல். இரண்டுக்கும் நடுவில் ஊரே வந்து கை வைக்கும். அது என்ன?

சிமெண்டுத் தளம். சட்டென்று விடை சொல்லிவிட்டீர்கள் என்றால், நீங்களும் என்னைப் போல ஈரத் தளத்துக்குப் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்து நாய், ஆடு, கோழி, மாமன், மச்சான் எல்லாரையும் விரட்டியவர். உங்களிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரைச் சுற்றி வீட்டு நடைபாதைகளும், ஜீப்பு ஏறும் சரிவுகளும் போட்டுக்கொண்டிருந்தேன். அவற்றில், பக்கத்துச் சிலமலை ஊரில் போட்ட ஒரே ஒரு பாதையின் கதை இது. இருபதடி நீளம், நாலடி அகலம்.

எட்டு மூட்டை

தங்கராசு சிலமலையில் தோட்டம் வைத்திருந்தவர். அவர் மகள் செல்விக்கு அப்போது பதினோரு வயது. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப் போயிருந்தன. ஐந்தாம் வகுப்பு வரை அப்பாதான் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டார். "ஆறாப்புக்கு நானாத்தான் போவேன். தூக்கிட்டுத்தான் போவீகன்னா நான் போகல" என்று சொல்லிவிட்டாள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி மதுரையிலிருந்து வந்து இறங்கிவிட்டது. ஆனால் வீடு மேட்டில், தெரு பள்ளத்தில். நடுவே கல்லும் குழியுமாக மண் சரிவு. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாதை வேண்டும்.

அப்போது பர்மிட் இல்லாமல் சிமெண்டு கிடைக்காது. நானும் தங்கராசுவும் நாலு நாள் அலைந்து எட்டு மூட்டைக்கு வாங்கினோம். அதற்கு மேல் அந்த வருஷம் ஒரு மூட்டை கிடையாது. பர்மிட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதிகாரி காகிதத்தை நீட்டியபடி கேட்டார்: "நடக்கிற பாதைக்கு மண்ணு போதாதாய்யா?"

பக்கத்து வீட்டுப் பஞ்சு

சரிவை வெட்டிச் சீராக்கி, திம்சுக்கட்டையால் இடித்து இறுக்கி, இரண்டு பக்கமும் பலகை அடித்தோம். ஐந்து மூட்டை சிமெண்டு, மணல், ஜல்லி. கலவையைக் கொட்டி மட்டப்பலகையால் இழுத்து முடித்தபோது மத்தியானம். மேலே தேய்த்து வழவழப்பாக்க வேண்டியதுதான் பாக்கி.

வைகாசி நடு. மலைக் கணவாயிலிருந்து காற்று இறங்கும் நாள் அது என்பதும், பக்கத்து வீட்டு வேலுச்சாமி அன்றைக்குத்தான் இலவங்காயை வாசலில் கொட்டிப் பஞ்சு எடுக்க அடிக்கப் போகிறார் என்பதும் எனக்குத் தெரியாது. காற்று ஒரு சுற்றுச் சுற்றியது. பஞ்சு மொத்தமும் எழும்பி வந்து என் ஈரத் தளத்தில் உட்கார்ந்தது. பிடுங்கினால் கலவையும் சேர்ந்து வந்தது. பிடுங்கிக்கொண்டு இருக்கும்போதே அதே காற்று தளத்தை உலர்த்திக் கோடு கோடாக வெடிக்க வைத்தது. கடைசியில் மேலே ஒரு அங்குலத்தை வழித்துத் தெருவில் கொட்டினேன். வேலுச்சாமி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, பாதை போடச் சொன்னா மெத்தை போட்டிருக்கீக?"

ஈரச் சாக்கு

இன்னும் இரண்டு மூட்டையைக் கலந்து அந்த ஒரு அங்குலத்தை மறுபடி போட்டேன். பஞ்சும் இல்லை, காற்றும் அடங்கியிருந்தது. அருமையாக வந்தது. புதுத் தளம் ஒரு வாரம் ஈரம் குடிக்க வேண்டும். சமதளமென்றால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தலாம், சரிவில் நிற்காது. அதனால் சாக்குகளை நனைத்துப் பரப்பி, "காயக் காயத் தண்ணி ஊத்துங்க" என்று தங்கராசுவிடம் சொல்லிவிட்டு, ஏலக்காய்த் தோட்டத்து வேலை ஒன்றுக்கு மலை ஏறினேன்.

மறுநாளே தங்கராசு தேவாரம் ஊருக்கு ஒரு சாவுக்குப் போயிருக்கிறார். அவருடைய அக்கா ராமாயி வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கிறார். விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் சாக்கு என்பது சும்மா கிடக்கிற பொருள் இல்லை. நான் மூன்றாம் நாள் திரும்பியபோது தளம் வெயிலில் வெளுத்துக் கிடந்தது. காலால் தேய்த்தேன், மாவாகப் பறந்தது. செல்வி வாசலில் உட்கார்ந்தபடி, "நான் சொன்னேன் மாமா, அத்தை கேக்கல" என்றாள். ராமாயி அக்கா உள்ளே போய்ச் சாக்குக் கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நல்ல சாக்கை நனைச்சு மண்ணுல போட்டுட்டுப் போயிட்டீகளே! துவைச்சு, காயவச்சு, மடிச்சு வச்சிருக்கேன். எண்ணிப் பாத்துக்கங்க."

முகம் தெரியும் தளம்

மிச்சம் ஒரு மூட்டை. பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள். மாவான பகுதியைச் சுரண்டி எடுத்து, மெல்லிசாகக் கடைசிப் பூச்சு பூசினேன். சரிவுக்கு ஒரு முறை உண்டு. பூச்சு இறுகும்போது, ஈர்க்குமாற்றைக் குறுக்காக இழுத்து வரி போட வேண்டும். சக்கரம் பிடிக்க அதுதான் வழி.

நான் ஈர்க்குமாற்றை எடுத்ததும் தங்கராசு கையைப் பிடித்துக்கொண்டார். போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி வீட்டில் பளபளவென்று தரை பார்த்தவர் அவர். "எம்புள்ள போற பாதை சொரசொரன்னு கிடக்கணுமா? கண்ணாடியாட்டம் இழைச்சு விடுங்கண்ணே" என்றார். வழுக்கும் என்றேன். ஒரு தடவைதான் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை கெட்டுப்போன வேலையை இந்த முறையாவது நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. ஈர்க்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, வெறும் சிமெண்டுப் பாலைத் தெளித்துக் கொத்துக்கரண்டியால் இழைத்தேன். இந்த முறை சாக்கை யாரும் தொடவில்லை. ஒரு வாரம் கழித்து விலக்கியபோது தங்கராசு குனிந்து பார்த்தார்.

"அண்ணே, மூஞ்சி தெரியுதுண்ணே!"

பள்ளிக்கூடம் திறந்த அன்று

மலையிலிருந்து சாரல் விழுந்துகொண்டிருந்தது. பார்க்க வேண்டும் என்று நானும் போயிருந்தேன். செல்வி புதுப் பாவாடை, மடியில் பை, வண்டியில் உட்கார்ந்திருந்தாள். "வெரசாப் போகாத ஆத்தா, பையப் பைய இறங்கு" என்று சொல்லிவிட்டுத் தங்கராசு முன்னால் நடந்தார். வண்டி பாதையில் இறங்கியது. பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி வழுக்கி வந்த வண்டியைப் பாதி வழியில் தங்கராசு நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினார்.

கொத்தி வரி போட்டால் மெல்லிசுப் பூச்சு ஏடு ஏடாகப் பெயர்ந்துவிடும். மறுபடி பூசச் சிமெண்டு கிடையாது. சாக்கை விரித்துப் பார்க்கலாமா என்றேன். விரித்தோம், சாக்கும் சேர்ந்து வழுக்கியது. மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. தங்கராசு குனிந்து, "இன்னைக்கு ஒரு நாளைக்கு அப்பா தூக்கிட்டுப் போறேன் ஆத்தா" என்று கையை நீட்டினார். செல்வி அந்தக் கையைப் பிடித்து வண்டியிலிருந்து இறங்கி, பாதை ஓரத்து மண்ணில் உட்கார்ந்தாள். பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நீங்க வண்டியத் தூக்கிட்டு வாங்கப்பா."

எட்டு மூட்டைச் சிமெண்டுப் பாதை பக்கத்தில் பளபளக்க, செல்வி மண்ணில் கையை ஊன்றி நகர்ந்து நகர்ந்து தெருவுக்கு இறங்கினாள்.