யொண்டர் தோட்டம்

ஹட்டனில் பழைய புத்தகம் விற்பவரிடம் வாங்கிய ஆங்கில அகராதிதான் என் தலையைக் கெடுத்தது. அட்டை கிழிந்த, வெள்ளைக்காரன் காலத்து அகராதி. அதில் இடம் சொல்லும் சொற்கள்மீது எனக்கு ஒரு கிறுக்கு. கிட்டத்தில் என்றால் ‘நை’, கீழே என்றால் ‘நெதர்’, அதோ அங்கே என்றால் ‘யொண்டர்’. இதெல்லாம் இப்போது யாரும் பேசாத ஆங்கிலம் என்று எனக்கு யார் சொல்ல? “சீனி போத்தல் நெதர் தட்டுல இருக்கும்மா” என்பேன். “கண்டதையும் பேசாம கீழ்த்தட்டுன்னு சொல்லு” என்பார் அம்மா.

அந்தக் கிறுக்கோடுதான் ஹட்டன் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டேன். முன்பு துரை குடியிருந்த பங்களா அது. இப்போது வெளிநாட்டார் வந்து தங்குகிறார்கள். வரவேற்பு மேசைக்கு ஆங்கிலம் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் ஒரு வேலை பிடித்துவிட வேண்டும் என்று நான் துடித்துக்கொண்டிருந்த நேரம்.

அதற்கு முன் ஒரு தடவை நேர்முகக் கடிதம் வந்து, தோட்ட ஆபிஸ் மேசையிலேயே கிடந்து, நாள் போன பிறகு கைக்குக் கிடைத்திருந்தது. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது, எல்லாக் கடிதமும் ஆபிசுக்குத்தான் போகும். இந்தத் தடவை ஏமாறக்கூடாது என்று, தபால்காரர் நேரே என் வாசலுக்கு வரும்படி எழுதினேன்: ஓடைக்கு யொண்டர், கோவிலுக்கு நெதர். படிவத்தில் முகவரிக்கு விட்டிருந்த இடமோ சின்னது. என் யொண்டர் பெரிதாக முன்னால் நின்றது, தோட்டத்தின் உண்மையான பெயர் ஓரத்தில் நசுங்கிப் போனது.

மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. போனில் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பது கோவில் படியில் மட்டும். நாள் முழுக்கப் படியில் உட்கார நான் என்ன சாமியா?

ஒரு காலை, எங்கள் கொட்டகலைக் கடைத்தெருவில், நானா என்று எல்லாரும் கூப்பிடும் முஸ்லிம் முதலாளியின் கடையில் கருவாடு வாங்கிக்கொண்டு நின்றேன். தபால்காரர் ஒரு கடிதத்தோடு வந்தார்.

“நானா, யொண்டர் தோட்டம்னு ஒன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? வலப்பனைக்கும் போய்த் திரும்பி வந்துருச்சு.”

நானா யோசித்தார். “வாயில நுழையாத பேரா ஈக்கிறதால தோட்டந்தான். நல்லதண்ணிப் பக்கமா ஈக்கும்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கம் புரியாத ஆங்கிலப் பெயர் என்றால் அது தோட்டம்தான். ஹோட்டலில் டைப் அடித்தவரும் அப்படியே நினைத்து, ‘யொண்டர் தோட்டம், கொட்டகலை’ என்று அடித்திருக்கிறார்.

“அது தோட்டம் இல்லைங்க, நாந்தான்” என்று கடிதத்தைப் பிடுங்கினேன். நேர்முகம் அன்றைக்கே, பதினோரு மணிக்கு. மணி பத்து. வீட்டுக்கு ஓடி உடுப்பு மாற்ற நேரமில்லை. கருவாட்டை நானாவிடமே விட்டுவிட்டு, நாறும் கையோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்னையும் அந்த அகராதியையும் திட்டிக்கொண்டே போனேன்.

ஹோட்டலில் என்னை விசாரித்தவர் ஒரு நடுத்தர வயது அம்மா. முதல் கேள்வியே, “யொண்டர் தோட்டம் எங்கே இருக்கு?” நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சரி. அருவிக்கு எப்படிப் போறதுன்னு ஒரு வெள்ளைக்காரர் கேட்டா?”

நாக்கு நுனியில் யொண்டர் வந்து நின்றது. விழுங்கிவிட்டு, கீழே இறங்குங்கள், கடையில் இடது பக்கம் திரும்புங்கள் என்று சின்னப்பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அப்போதுதான் அவர் லேசாகச் சிரித்தார்.

பத்து நாள் கழித்து தபால்காரர் ஓடையைத் தாண்டி, எங்கள் லயத்து வாசலுக்கே வந்தார். ஆபிஸ் மேசைக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கடிதம் அது. வேலை கிடைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. உறையில் அதே யொண்டர் தோட்டம், யாரும் திருத்தவில்லை. “இனி இந்தப் பேர்லயே போடச் சொல்லு புள்ள. எனக்கு இடம் தெரிஞ்சுபோச்சு” என்றார் தபால்காரர்.

இப்போது லயத்தில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரில்தான் கடிதம் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் ஒருநாள் கேட்டார்.

“அப்படின்னா என்னா அர்த்தம்?”

“அந்தா, அங்கன்னு அர்த்தம்க்கா.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நம்ம வீட்டைத் தேடி வர்றவங்களுக்கு இத்தனை காலமா அதத்தானே சொல்லிக்கிட்டு இருந்தோம்.”