வரியில் இல்லாதவரின் மனைவி

அக்காவின் கல்யாணம் திண்டிவனத்தில் பதிவு ஆபீசில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. நான் அப்போது புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். போன் செய்து, "முடிஞ்சிடுச்சிடி" என்று மட்டும் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று குரலில் தெரியவில்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள்.

அக்காவைக் கட்டிய மாமா குப்பத்துக்காரர், மீனவர். நாங்கள் உப்பளத்தில் கூலி வேலை செய்கிற காலனிக்காரர்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஈசிஆர் ரோடும் கொஞ்சம் சவுக்குத் தோப்பும்தான். ஆடி மாதம் இரண்டு ஊரிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். அவர்கள் மைக்செட் பாட்டு எங்களுக்குக் கேட்கும், எங்கள் பாட்டு அவர்களுக்குக் கேட்கும். ஆனால் எங்கள் கூழை அவர்கள் குடித்து நான் பார்த்ததில்லை.

போக்குவரத்து இல்லாமலும் இல்லை. கருவாடு போட அவர்களுக்கு உப்பு வேண்டும். மாமா டிவிஎஸ் வண்டியில் உப்பு மூட்டை ஏற்றிப்போக உப்பளத்துக்கு வருவார். அக்கா அங்கே அம்மா அப்பாவோடு உப்பு வாரிக்கொண்டிருப்பாள். மூட்டையைத் தூக்கி வண்டியில் வைக்க ஒரு கை பிடிப்பாள். அப்படித்தான் பேச்சு தொடங்கியது என்று பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

சின்ன வயதில் குப்பத்துக்காரர்கள் எல்லாம் பணக்காரர்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். படகு வந்த நாளில் அங்கே காசு புழங்கும். பெண்கள் கழுத்தில் ஏதாவது மினுங்கும். மீன் ஏலம் எடுக்க வருகிற வியாபாரியிடம் அவர்கள் நிமிர்ந்து நின்று பேசுவார்கள். சண்டை போடுவார்கள். "இஷ்டம் இருந்தா எடு, இல்லன்னா போ" என்பார்கள். எங்கள் அப்பா அப்படி ஒருவரிடமும் சொன்னதில்லை. உப்புப் பாத்தி வேறொருவருடைய குத்தகை, உப்பும் அவருடையது. நாளைக்கு வராதே என்று மேஸ்திரி சொன்னால் அப்பா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவார். அவ்வளவுதான்.

குப்பத்தில் எங்களைப் பற்றி வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள் என்பது மாமா சொல்லித்தான் தெரிந்தது. காலனிக்காரர்களுக்கென்ன, கவர்மெண்ட்டே வீடு கட்டிக் கொடுக்கிறது, பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது, உயிருக்குப் பயமில்லாத வேலை என்பார்களாம். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. என்னோடு எட்டாவது வரை படித்த குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கணக்கில் எப்போதும் என்னை முந்துவாள். அவளை அதோடு நிறுத்திக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வயதுக்குள் அவள் புருஷன் கடலில் போய்விட்டான். நான் உதவித்தொகையில் படித்து நர்ஸ் ஆனேன். ஆனால் எங்கள் வீட்டுத் தளம் பெயர்ந்து கம்பி தெரிய, அதற்குக் கீழேதான் நாங்கள் படுத்தோம். அவர்கள் வீடுகளின் முதல் வரிசையைக் கடல் வருஷா வருஷம் தின்றுகொண்டிருந்தது.

கல்யாணம் தெரிந்ததும் எங்கள் காலனியே இரண்டு நாள் பயந்து கிடந்தது. குப்பத்திலிருந்து அடிக்க வருவார்கள் என்று சொன்னார்கள். யாரும் வரவில்லை. குப்பத்தில் பஞ்சாயத்துக் கூடி மாமாவை வரியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வரி என்றால் கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பிளையும் ஊருக்குக் கட்டுகிற தலைக்கட்டு வரி. அதைக் கட்டுகிறவன்தான் ஊர்க்காரன். கோயில் மரியாதை, கூட்டத்தில் பேச்சு, வெளியிலிருந்து வருகிற உதவியில் பங்கு, எல்லாம் அதன் வழியாகத்தான். வரியில் இல்லாதவனைத் தன் படகில் ஏற்ற ஊரில் யாருக்கும் தைரியம் வராது.

எங்கள் அப்பாவும் அக்காவை வீட்டுக்குள் விடவில்லை. சாதிக்காக இல்லை, பயத்துக்காக என்று அம்மா சொல்வாள். எனக்குத் தெரியாது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அக்காவும் மாமாவும் ரோட்டோரம் ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருந்த ஷீட் போட்ட அறையில் குடியிருந்தார்கள். மாமா புதுச்சேரி துறைமுகத்தில் யாரோ ஒருவருடைய விசைப்படகில் கூலிக்குப் போனார். தன் அப்பாவுக்குச் சொந்தமாக ஃபைபர் படகு இருந்த வீட்டுப் பிள்ளை அவர். குப்பத்துக்குப் போய் அக்கா மேலே ஏறிவிடுவாள் என்று காலனியில் சிலர் பொறாமைப்பட்டார்கள். அவள் எங்கும் ஏறவில்லை. அவர்தான் எங்கள் நிலைக்கு இறங்கி வந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டார்கள். மீனவர்களுக்கு அரசு கொடுக்கிற நிவாரணத்துக்கு மாமாவின் பெயரை மீனவர் சங்கத்தில் யாரும் சொல்லவில்லை. அது உப்பு வாருகிற உச்சமான கோடை. ஒரு நாள் காலையில் அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்து நின்றார். கூட வேலை செய்தவர்கள் சிரித்தார்கள். ஏம்பா, கடலை வித்துட்டியா என்று ஒருவர் கேட்டார். மாமாவும் சிரித்துவிட்டு வாருபலகையை எடுத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் அவர் கால் வெடித்து ரத்தம் வந்தது. உப்புத் தண்ணீரில் வளர்ந்தவர்தான், ஆனால் பாத்தித் தண்ணீர் கடல்தண்ணீர் இல்லை. அது தோலைத் தின்னும். அம்மா தன் பையிலிருந்த தேங்காய் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு போய், எல்லாரும் பார்க்க, அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தாள். அதுவரை அவரோடு பேசியதே இல்லை. தடவிக்கோ என்று நீட்டினாள்.

"கடல்ல உழுந்தா நீந்தலாம் அத்தை," என்றார் மாமா. "இதுல நின்ன எடத்துலயே சாவறீங்களே. எப்பிடி இத்தினி வருசம் செஞ்சீங்க?"

அம்மா வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எங்கள் வேலையைப் பார்த்து வெளியாள் ஒருவர் அப்படிக் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் அக்கா வீட்டு வாசலில் உப்பளத்தில் போடுகிற பழைய பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. யார் வைத்தது என்று அப்பா சொல்லவில்லை. அதன் பிறகு அக்கா காலனிக்கு வரப்போக இருந்தாள். பெண் குழந்தை பிறந்ததும் எங்கள் வீட்டில்தான்.

குழந்தைக்கு மூன்று வயது நடக்கும்போது, மாமாவின் சிநேகிதர் ஒருவர், சின்ன வயதிலிருந்து ஒன்றாகக் கடலுக்குப் போனவர், தன் ஃபைபர் படகில் அவரைக் கூட்டிக்கொண்டார். ஊரில் தெரிந்தும் தெரியாதது போல் இருந்தார்கள். மாமாவின் முகமே மாறிவிட்டது என்று அக்கா சொன்னாள். விடியற்காலையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே கிளம்புவாராம். கூலி என்னவோ குறைவுதான், ஆனால் அது அவர் கடல்.

ஐப்பசி கடைசியில் ஒரு நாள், கரைக்குத் திரும்புகிற நேரத்தில் அலை படகைப் பக்கவாட்டில் அடித்துக் கவிழ்த்துவிட்டது. சிநேகிதரும் இன்னொருவரும் நீந்திக் கரையேறினார்கள். மாமா வரவில்லை. படகின் விளிம்பு தலையில் அடித்திருக்க வேண்டும் என்றார்கள்.

நான் ஆஸ்பத்திரியில் டியூட்டியிலிருந்து நேராக வந்தேன். அன்றைக்குக் கரையில் நான் கண்டதை இன்றும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவரை வரியிலிருந்து எடுத்த அதே ஊர், ஒரு படகு பாக்கியில்லாமல் கடலில் இறக்கியிருந்தது. பஞ்சாயத்தில் கை தூக்கியவர்கள்தான் அந்த அலையில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு எங்கும் எரியவில்லை. மறுநாள் மத்தியானம் மாமாவின் அண்ணனே உடலைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார்.

உடல் வந்தது தெரிந்ததும் அக்காவோடு காலனிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் போனோம். குப்பத்து முனையில் இரண்டு பேர் வந்து நிறுத்தினார்கள். கோபமாகப் பேசவில்லை. கை கூப்பித்தான் சொன்னார்கள். பொண்டாட்டியும் புள்ளையும் மட்டும் வரட்டும், மத்தவங்க இங்கேயே இருங்கம்மா, இந்த நேரத்துல ஒரு பேச்சு வேணாம் என்றார்கள். அம்மா கெஞ்சினாள். கடைசியில் அம்மாவையும் என்னையும் விட்டார்கள்.

உடல் மணலில் பாயின்மேல் கிடந்தது. மாமாவின் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவர் முடியிலிருந்த மணலை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் அக்காவின் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"என் புள்ளைய எங்கிட்ட உட்டுரு. உசுரோட இருக்கும்போது நீ வெச்சிருந்த. பொணத்தையாவது நான் வெச்சிக்கிறேன்."

அக்கா சரி என்று தலையாட்டினாள். அவளால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. தாலி கட்டியவரை எங்கே அடக்கம் செய்வது என்பதை அவளிடம் கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாதான். குப்பத்து இடுகாட்டில் அடக்கம் நடந்தது. ஊர் வழக்கப்படி எல்லா மரியாதையும் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது கொடுக்காத வேட்டியை ஊர் சார்பில் போட்டார்கள். அக்கா கூட்டத்துக்குப் பின்னால், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தை அலையைப் பார்த்துக் கையைக் காட்டிக்கொண்டிருந்தது.

கடலில் செத்தவர் குடும்பத்துக்கு வருகிற உதவி அக்காவுக்கு வரவில்லை. அவர் சங்கத்தில் இல்லை. கொஞ்ச நாள் கழித்து மாமாவின் அண்ணன் வந்தார். குழந்தையைக் கொடுத்துவிடு, அது எங்கள் ரத்தம், நாங்கள் வளர்க்கிறோம் என்றார். நீயும் வா என்று சொல்லவில்லை. அக்கா மாட்டேன் என்றாள். காலனியிலும் சிலர் குழந்தையை ஆசையாகத் தூக்கிவிட்டு, மீன்காரப் பொண்ணு, நெறத்தப் பாரு என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். அக்கா அதற்குச் சிரித்ததில்லை.

அவள் திரும்ப உப்பளத்துக்குப் போனாள். அப்பாவின் கண் வெயிலில் கெட்டுப்போயிருந்தது. அம்மாவும் அக்காவும்தான் வாரினார்கள். இப்படியே வருஷங்கள் போயின. பெண் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. நான் லீவில் வீட்டில் இருந்தேன். காலையிலேயே குப்பத்தையும் எங்கள் காலனியின் தாழ்ந்த தெருக்களையும் காலி செய்து பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். யாரும் பிரித்துவிடவில்லை. ஆனால் அரை மணியில் தானாகவே பிரிந்துவிட்டது. பெரிய ஹாலில் அவர்கள், எதிரிலிருந்த இரண்டு வகுப்பறையில் நாங்கள். நடுவில் வராண்டாவில் மழை அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே பேச்சுத்தான். அங்கே, படகு மிஞ்சுமா. இங்கே, பாத்தி மிஞ்சுமா.

மத்தியானம் சாப்பாடு வந்த சமயத்தில் அக்காவின் பெண்ணைக் காணவில்லை. தேடிக்கொண்டு வராண்டாவுக்கு வந்தோம். ஹாலுக்குள், மாமாவின் அம்மா மடியை ஒட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா முந்தானையால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து ஊட்டினார். குழந்தை சாப்பிட்டது.

பக்கத்திலிருந்த ஒரு பெண் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எங்களுக்குக் கேட்கவில்லை. இன்னொருத்தி தன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். மாமாவின் அம்மா தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் குழந்தையின் முதுகைத் தடவி, "அம்மாகிட்ட போ கண்ணு" என்றார். சொல்லிவிட்டு வாசலில் நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் ஆஸ்பத்திரியில்கூடப் பார்த்ததில்லை.

அக்காவின் பெண் ஓடி வந்தாள். வகுப்பறைக்குள் வந்ததும், "அவங்க எனக்கு யாரும்மா?" என்று கேட்டாள்.

"அப்பாவோட அம்மா."

"அப்ப நான் ஏன் அங்க இருக்கக்கூடாது?"

அக்கா அவளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் மழை விட்டது. உப்பளம் முழுக்க ஒரே தண்ணீராகக் கிடந்தது. வரப்புகள் கரைந்துபோய், எது யார் பாத்தி என்று தெரியவில்லை. கோடை வரை எங்கள் ஆட்களுக்கு வேலை இல்லை. குப்பத்தில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உடைந்து கிடந்தன. மாமாவின் அம்மா வீட்டில் கடல் பக்கச் சுவர் இல்லை. அரிசி மூட்டையோடு ஒரு லாரி ரோட்டில் வந்து நின்றது. இரண்டு வரிசை நின்றது, இரண்டு வரிசையிலும் ஒரே மாதிரி ஈரத்துணி, ஒரே மாதிரி வெறும் கால். அக்கா எதிலும் போய் நிற்கவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டாள்.

நான் புதுச்சேரிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளும் பெண்ணும் என்னோடு ஏறினார்கள். பெண் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ரொம்ப தூரம் போன பிறகு அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே, "அவரு அம்மா தானா புள்ளைய அனுப்பலடி. சுத்தி இருந்தவங்க அனுப்ப வெச்சிட்டாங்க" என்றாள். நான் தெரியும் என்றேன்.

இப்போது அவள் கிளியனூர் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். மாதத்துக்கு ஒரு முறை அம்மா பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். மாமாவின் அம்மா ஒரே ஒரு தடவை, மீன் கூடையோடு அந்தப் பக்கம் விற்க வந்தவர், விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாராம். வாசலிலேயே நின்றாராம். அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற நேரம் வரை இருங்கள் என்று அக்கா எவ்வளவோ சொல்லியும், பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டார். கூடையிலிருந்த மீனை எல்லாம் சமையலறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அன்றைக்கு அந்தப் பெண் ஆசையாகச் சாப்பிட்டாள், மீன் யார் கொடுத்தது என்று கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.