தவராசா காவல் காத்த கேபிள்

கனகராயன்குளத்துத் தவராசாவுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் உத்தியோகம் என்று சொல்லத்தக்க ஒன்று வாய்த்தது. சமாதான காலத்தில் ஏ-9 வீதியோரம் மண்ணுக்குள் கேபிள் தாட்ட கொம்பனி ஒன்று, அதைக் காவல் பார்க்க அவரை வைத்தது. காலையும் மாலையும் நாலு மைல் சைக்கிளில் போய்வர வேண்டும். எவரும் அந்த மண்ணைக் கிண்டக்கூடாது.

மேற்பார்வையாளர் தில்லைநாதன் ஒரு துண்டை வெட்டிக் காட்டினார். உள்ளே தலைமயிர் தடிப்பில் இருபத்திநாலு கண்ணாடி நூல்கள்.

"கதை இதுக்குள்ளால வெளிச்சமாத்தான் போகும். இப்போதைக்கு இரண்டிலதான் வெளிச்சம் விடுவம் அண்ணை. மிச்சம் இருட்டாக் கிடக்கும். நாளைக்கு ஒரு சின்னக் கொம்பனியும் அதில ஒரு நூலை வாடகைக்கு எடுத்து, இரண்டு அந்தத்திலயும் தன்ர மெசினைப் பூட்டி ரெலிபோன் குடுக்கலாம். திரும்ப றோட்டுக் கிண்டத் தேவையில்லை. பெரிய கொம்பனியள் வைச்சதுதான் விலை எண்ட கதை முடிஞ்சிடும்."

தவராசாவின் மகள் கனடாவில். அவளோடு மூன்று நிமிடம் கதைக்க அவர் கிளிநொச்சிக்குப் போய், வரிசையில் நின்று, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்தே கதைப்பார். அதனால் தில்லைநாதன் சொன்னது அவர் மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'இருட்டுக்குக் காவல்காரன்' என்று சந்தியில் பகிடி பண்ணினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2006 ஆவணியில் சண்டை திரும்பத் தொடங்கி ஏ-9 பாதை பூட்டுப்பட்டது. கொம்பனிக்காரர் போய்விட்டார்கள். விடுவதாகச் சொன்ன இரண்டு நூலிலும் வெளிச்சம் விடவில்லை. சம்பளமும் நின்றது. வேறு ஆளென்றால் சைக்கிளை வீட்டில் சாத்தியிருப்பான். இந்த மனிசன் விடவில்லை. நேர்மையும் சில வேளை பொல்லாத வியாதிதான்.

அடுத்த வருசம் கிபிர் விமானங்கள் அடிக்கடி குண்டுபோட வரத் தொடங்க, ஊரே பதுங்கப் பங்கர் வெட்டியது. பக்கத்து வளவுப் பரமேஸ்வரனும் அலவாங்கோடு இறங்கினான். அவனுடைய வீட்டைச் சுற்றி ஒரே கல். அப்பால் மிதிவெடி அகற்றாத காணி. கேபிள் தாட்ட கீலம் மட்டும்தான் சோதித்துத் துப்புரவாக்கிய, பொதுபொதுத்த மண். அவன் அதில்தான் வெட்டத் தொடங்கினான்.

தவராசா சைக்கிளை நிறுத்தினார். "பரமேசு, இதில வேண்டாம். வயர் கிடக்கு."

"அது செத்த வயரெல்லோ அண்ணை."

"சாகேல்ல. இன்னும் வெளிச்சம் விடேல்ல, அவ்வளவுதான். ஒரு பத்தடி தள்ளி வெட்டு. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் வாறன்."

மூத்தவர் சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். சிரித்துக்கொண்டே தள்ளிப் போனான். தவராசா தன் வீட்டுப் படலையைத் திறக்கும்போது மிதிவெடி வெடித்த சத்தம் கேட்டது.

ஊரில் ஒருவரும் அவரைக் குறை சொல்லவில்லை. பரமேஸ்வரனின் மனிசி விமலேஸ்வரியும் சொல்லவில்லை. தான்தான் அவனைக் கொன்றதென்று தவராசாவுக்குத் தெரியும். செத்த வீட்டில் அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் காலை, பரமேஸ்வரன் முதலில் தொட்ட இடத்திலேயே அவர் மண்வெட்டியைப் போட்டார். மூன்றடியில் கேபிள் குறுக்கே வந்தது.  கோடாலியை எடுத்து இரண்டு பக்கமும் வெட்டி, துண்டை மேலே எறிந்தார்.

தேத்தண்ணி கொண்டுவந்த விமலேஸ்வரி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"இதுக்குள்ளால ஆரும் எப்பவாவது கதைச்சவையே அண்ணை?"

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் கதைக்கேல்ல."

"அப்ப எங்கட அவர் ஆருக்காகத் தள்ளிப் போனவர்?"

தவராசா குனிந்து வெட்டினார். மத்தியானத்துக்குள் குழி முடிந்து, மேலே பனங்குற்றியும் அடுக்கியாயிற்று. பின்னேரம் கிபிர் இரைந்து வந்தபோது அவள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அவள் வாங்கோ என்று சொல்லவில்லை. தவராசா வாசலில் வெளியே நின்றார்.