பன்னிரண்டு வாளி மிளகாய்

அன்று மொட்டை மாடியில் ஐந்து பேர் இருந்தோம். என் மாமியார், அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன், என் வீட்டுக்காரர், மாமனாரின் அண்ணனான பெரிய மாமா, என் வீட்டுக்காரரின் அக்கா (மூத்த நாத்தனாரை எங்கள் ஊர்ப் பக்கம் நங்கையா என்போம்), அப்புறம் நான். பெரிய மாமாவின் கையில் பாதி குடித்த டீ டம்ளர் இருந்தது. எங்களுக்கு நடுவே பன்னிரண்டு பெயின்ட் வாளிகள், பன்னிரண்டிலும் வெறும் மண். பிடுங்கிப் போட்ட செடிகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காயோடு குவிந்து கிடந்தன. பிடுங்கியவள் நான்தான்.

நங்கையா அமெரிக்காவிலிருந்து மாமனார் கருமாதிக்கு வந்தவர். ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். பதினாறு நாளில் திரும்ப வேண்டியவர், கருமாதி முடிந்த பிறகும் கிளம்பவில்லை. ஏன் என்று யாரும் நேராகக் கேட்கவில்லை. அவரும் முழுதாகச் சொன்னதில்லை. என்னோடு உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கும்போது மட்டும் அவர் வீட்டுக்காரரைப் பற்றித் துண்டு துண்டாக வரும். "கடைக்குப் போயிட்டு வந்தா பில்லுல நேரம் பாப்பாரு சாமி. பத்து நிமிசம் கூட ஆயிருந்தா, எங்க போனேன்னு ராத்திரி சோறு ஆறற வரைக்கும் கேப்பாரு." அங்கே இருந்த ஒன்பது வருடத்தில் நங்கையாவுக்கு வாய்த்த ஒரே சிநேகம், கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த மெக்சிகோ நாட்டு அம்மா. இவர் பேசுவது அவருக்குப் புரியாது, அவர் பேசுவது இவருக்குப் புரியாது. வேலிக்கு மேலாக அந்த அம்மா மிளகாய் கொடுப்பார், இவர் ரசப்பொடி கொடுப்பார். அந்த மிளகாயின் விதைதான் மாத்திரை டப்பாவில் எங்கள் ஊர் மல்லசமுத்திரம் வரை வந்தது.

இங்கேயும் அவருக்கு இடம் கிடைத்தது மொட்டை மாடி வரைக்கும்தான். வாழாமல் வந்துவிட்டாள் என்று சொந்தபந்தம், ஒறம்பரை பேசிவிடக் கூடாது என்பது என் வீட்டுக்காரரின் பயம். "நாலு பேர் கண்ணுல படாம இருக்கட்டும். கேட்டைச் சாத்தியே வெச்சுக்க" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்; கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறவள். என் இடுப்பில் அந்தச் சாவி தொங்கிய மாதங்களில் எனக்கும் கேட்டைத் தாண்ட மனம் வரவில்லை. நான் இல்லாத நேரத்தில் அவர் போய்விட்டால்? யாராவது வந்து கேட்டால்? பக்கத்துத் தெருவில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

வெள்ளையடித்து மிச்சமான பெயின்ட் வாளிகளில் அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் ஆட்டு எருவும் கலந்து, வாளிக்கு ஒரு நாற்றாக நங்கையா நட்டார். உச்சி வெயிலுக்குப் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினார். அந்த மிளகாயின் பெயர் "ஹலப்பேனியோ" என்றார். அத்தை அதைச் 'சலப்பன்' ஆக்கிவிட்டார். காய் கட்டை விரல் பருமனில், கரும்பச்சையில், மெழுகு பூசியதுபோல் மின்னும். "கொடமொளகாய்க்குப் பொறந்த குட்டியாட்டம் இருக்குது, இதுல என்ன காரம் இருந்திரப்போவுது?" என்று பெரிய மாமா பஜ்ஜி போடச் சொன்னார். மூன்றாவது பஜ்ஜியில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. "யோவ், மோரு கொண்டாங்கய்யா!" என்று அவர் கத்தியபோது நங்கையா சிரித்தார். வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. காய்ப்பில் இருக்கும் செடியைப் பிடுங்க மாட்டோம். நட்டவர்தான் கடைசிக் காயைப் பறிக்க வேண்டும். பூசணிக்கொடி ஒன்று குளியலறைக் கூரையை மூடி ஓடுகளையே நகர்த்திவிட்டது, அது தானாகக் காயும் வரை அத்தை யாரையும் தொட விடவில்லை. நோய் விழுந்த செடிக்கு மட்டும்தான் விலக்கு. அமெரிக்காவிலிருந்து நங்கையாவின் வீட்டுக்காரரான அந்த அண்ணன் தினம் போன் பண்ணத் தொடங்கியபோது அத்தை கேட்டார், "எப்ப சாமி கெளம்பற?" நங்கையா வாளிகளைக் காட்டினார். "இதுக காய்ச்சு ஓயட்டும்மா. கடைசிக் காயப் பறிச்சுப்போட்டுப் போறேன்." அத்தையால் மறுத்துப் பேச முடியவில்லை. போனில் மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னார்: "செடி காய்ப்புல இருக்குதுங்க மாப்ள. உட்டுப்போட்டு எப்படிங்க வர முடியும்?"

காய் பிஞ்சு தாண்டியதும் பறித்துவிட்டால் செடி மேலும் மேலும் பூக்கும். செடியிலேயே பழுக்க விட்டால் அது ஓய்ந்துவிடும். நங்கையா ஒரு காயைக்கூடப் பழுக்க விட்டதில்லை. எவ்வளவு கவனமாகப் பறிக்கிறார் என்று நினைத்தேனே தவிர, எதற்காக என்று யோசிக்கவில்லை. கடைசியில் வாளிக்கு இரண்டு காயை மட்டும் பறிக்காமல் விட்டார். அடுத்த நடவுக்கு விதை எடுக்கத்தான். அதுவும் எனக்குத் தெரியாது.

நாங்கள் ஐந்து பேரும் மாடியில் நின்ற அந்த நாள் மத்தியானம் துணி எடுக்கப் போனவள் அந்தக் காய்களைப் பார்த்தேன். தோல் முழுக்க வெள்ளையும் பழுப்புமாகக் கீறல், சொறி பிடித்தது போல. அதற்கு முந்தின வருடம்தான் எங்கள் மரவள்ளிக் காட்டில் மாவுப்பூச்சி விழுந்து, ஒரு மூலையில் தொடங்கியது காடு முழுக்கப் பரவி, அத்தனையையும் பிடுங்கி எரித்தோம். இதுவும் காட்டுக்கு இறங்கிவிட்டால்? நங்கையா கீழே தூங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டுப் படி இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பயத்தில்தான் பிடுங்கினேன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வருகிறேன். செடி இல்லாவிட்டால் இந்தச் சாவியும் என் இடுப்பில் இருக்காது என்ற நினைப்பு அப்போது ஒரு ஓரத்தில் இருந்ததா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

சாயங்காலம் பெரிய மாமா வந்தார். மாப்பிள்ளை கோயமுத்தூரில் இறங்கிவிட்டார், வெள்ளிக்கிழமை கூட்டிப்போக வருகிறாராம். அத்தை பதற்றமே காட்டவில்லை. "மேல வந்து பாருங்க மாமா. பூவும் பிஞ்சுமா நிக்குது. தை போவட்டும்னு நீங்களே சொல்லிப்போடுங்க" என்று எல்லோரையும் மாடிக்கு அழைத்துப்போனார். மகளை நிறுத்திவைக்க அவரும் அந்தச் செடிகளைத்தான் நம்பியிருந்தார் என்று படியேறும்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் மேலே வந்துவிட்டோம்.

அத்தை வாளி வாளியாக எட்டிப் பார்த்தார். நான்தான், "நோவு விழுந்திருச்சுங்க அத்தை, கீறல் கீறலா..." என்று இழுத்தேன். நங்கையா குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துக் கீறலின் மேல் கட்டை விரலால் தடவினார்.

"நோவில்ல சாமி. முத்துனா இப்படித்தான் கீறும்."

"அப்பறம் என்னம்மணி, வெள்ளாமதான் முடிஞ்சுதே!" என்றார் பெரிய மாமா, ஏதோ சிரிப்பு மூட்டுகிறவர் போல.

"ஆமாங்க பெரியப்பா" என்றார் நங்கையா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெள்ளிக்கிழமை வந்த மாப்பிள்ளையோடு சனிக்கிழமை கிளம்பிப் போனார்.

அந்தக் குவியலில் கிடந்த கீறல் காய்களை நான் எரிக்கவில்லை. விதை எடுத்துச் செய்தித்தாளில் உலர்த்தி, அதே வாளிகளில் போட்டேன். இது நான்காவது நடவு. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது காய்ப்புக்கு வந்துவிடும்படி பார்த்துக்கொள்கிறேன். கேட் சாவி இப்போது ஆணியில் தொங்குகிறது, பூட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அத்தை போனைச் செடிக்கு நேராகப் பிடிப்பார். "பாத்தியா சாமி, நீ நட்டது. கடைசிக் காய் நீ வந்துதான் பறிக்கோணும்." அந்தப் பக்கம் பின்னாலிருந்து, "என்னது அது?" என்று ஆண் குரல் கேட்கும். "மொளகாச் செடிங்க" என்பார் நங்கையா. அதற்கு மேல் பேச்சு நீளாது.

போன ஞாயிறு பின்னால் குரல் கேட்கவில்லை. நங்கையா மெதுவாகக் கேட்டார், "எத்தன காய் இருக்குது இப்ப?"

"நாப்பத்தி மூணுங்க நங்கையா." நான்தான் தினமும் எண்ணுகிறேனே.

"ஒன்னையும் பறிச்சுப்போடாத. வாரேன்."

போன் கட்டாகிவிட்டது. இந்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. பறிக்காமல் விட்டால் செடி ஓயத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இன்று காலை மொட்டை மாடியில் நானும் அத்தையும் மட்டும் இருந்தோம். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணினோம். நாற்பத்து மூன்றும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கீறல் விழுந்துவிட்டது. ஆறு சிவக்கத் தொடங்கியிருக்கின்றன.